அனுமதி கேட்காத மரம்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீண்டு கிடக்கிறது ஒரு மணல் மேடு. அதன்மேல் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் என்று காட்டுப்பள்ளி வரைக்கும் மீனவ ஊர்கள். இந்தக் கரையில் தொழில் செய்யும் கலமாகக் கட்டுமரம் இன்று உயிரோடு இல்லை. சென்னைக் கரையில் சில இடங்களில் தெர்மாகோல் அடைத்த மிதவைகளும் ஃபைபர் வார்ப்புகளும் அதன் வேலையில் கொஞ்சத்தைச் செய்கின்றன. மரத்தோடு மரம் சேர்த்துக் கயிற்றால் கட்டி, விடியுமுன் இரண்டு பேர் அலைக்குள் தள்ளிக்கொண்டு போன அந்தக் கலம் போய்விட்டது. அது இறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. அரசு ஆவணங்களில் ‘பாரம்பரியக் கலம்’ என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அதன் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வந்ததைத் தவிர, அதற்கு வேறு இரங்கல் குறிப்பு கிடையாது.

கட்டுமரத்தை மீனவர்கள் கட்டுமரம் என்று அதிகம் சொல்வதில்லை. மரம் என்றுதான் சொல்வார்கள். மரம் தள்ளுவது, மரம் ஏற்றுவது, மரத்துக்குப் போவது. மலைவேம்பு, இலவு போன்ற இலேசான மரங்களைச் செதுக்கி, நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும் இருக்கும்படி அடுக்கி, அணியம் என்கிற முன்பகுதி சற்றே தூக்கலாக அமையக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கொக்கி கிடையாது. கயிறு மட்டுந்தான். சோழமண்டலக் கரையில் மூன்று மரம் கட்டிய சின்னக் கலமும் உண்டு, கோலா மீனுக்காக ஆழ்கடல் போகும் ஏழு மரக் கோலா மரமும் உண்டு. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு மரமாகத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மணலில் உலரப் போடுவார்கள். நனைந்த மரம் கனக்கும், ஊறும், சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே அடுத்த நாள் மறுபடி கட்ட வேண்டும். தினமும் பிரித்து தினமும் கட்டப்பட்ட கலம் அது. அதன் ஒவ்வொரு முடிச்சும் ஓட்டுகிறவனின் கைக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கரையைப் பார்த்தவர்களுக்குத்தான் கட்டுமரத்தின் அறிவு முழுசாகப் புரியும். சோழமண்டலக் கரை திறந்த கரை. பாறை மறைப்போ வளைகுடாவோ இங்கே இல்லை. கரையிலிருந்து சற்றுத் தள்ளி மணல் திட்டு, அதன்மேல் உடையும் அலை, அதைத் தாண்டினால் இன்னொரு வரிசை அலை. பலகைப் படகாக இருந்தால் அலை உள்ளே விழும், தண்ணீர் நிறையும், கவிழும். கட்டுமரத்துக்கு உள்ளே என்ற இடமே இல்லை. அதன்மேல் விழுந்த தண்ணீர் மரங்களுக்கு நடுவே வழிந்து கீழே போய்விடும். புரண்டால் புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். மூழ்காது. மூழ்க அதில் எதுவும் இல்லை. அலைகள் வரிசையாக வந்து, நடுவில் ஒரு கணம் தணியும். அந்தக் கணத்தைக் கண்ணால் அளந்து தள்ள வேண்டும். காற்று வாடையா கொண்டலா கச்சானா, நீரோட்டம் தெண்டியா வன்னியா என்பதையெல்லாம் கரையில் நின்றே சொல்லிவிடுகிற கண் அது. இதற்கு எந்தப் பள்ளியும் இல்லை, சான்றிதழும் இல்லை. பதினைந்து வயதுக்குள் கற்றுக்கொண்டார்கள்.

சென்னைப் பட்டணத்துக்கு இந்த மரம் செய்த ஊழியத்தை நகரம் மறந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டப்படும்வரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நின்றன. ஆளையும் சரக்கையும் மசூலா படகுகள் ஏற்றி இறக்கின. மசூலா படகும் போக முடியாத கடலில் கட்டுமரக்காரர்கள்தான் போனார்கள். கடிதங்களை ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் செருகிக்கொண்டு, அலையில் விழுந்து எழுந்து, கப்பலுக்கும் கரைக்கும் செய்தி கொண்டுபோனார்கள். கவிழ்ந்தவர்களைக் காப்பாற்றியதற்காகப் பதக்கம் வாங்கியவர்கள் அவர்களில் உண்டு. தமிழக அரசியலிலும் கட்டுமரத்துக்கு ஓர் இடம் இருந்தது. தன்னைக் கடலில் தூக்கி எறிந்தாலும் கட்டுமரமாக மிதப்பேன், மக்கள் தன்மீது ஏறிப் பயணம் செய்யலாம் என்ற பொருளில் மு. கருணாநிதி மேடைதோறும் பேசியது நினைவிருக்கும். கடலைப் பார்க்காத உள்மாவட்டத்துக்காரருக்கும் அது புரிந்தது. மூழ்காத ஒன்றின் பெயர் கட்டுமரம் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்டது எப்படிச் செத்தது?

முதல் காய்ச்சல் 1950களில் வந்தது. மீன்பிடித்தலை நவீனமாக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. உற்பத்தி பெருக வேண்டும், புரதம் பெருக வேண்டும், பிறகு இறால் ஏற்றுமதியில் அந்நியச் செலாவணி வர வேண்டும். இயந்திரப் படகுகளுக்கு மானியம் கொடுக்கப்பட்டது. 1960களில் இழுவைமடி வந்தது. இறால் இருக்கும் இடம் கரையோரக் கடல். கட்டுமரம் தொழில் செய்யும் இடமும் அதுவே. இழுவைமடி அடிமண்ணோடு வாரிக்கொண்டு போனது, மரக்காரர்களின் வலைகளை அறுத்துக்கொண்டும் போனது. 1970களில் சென்னைக் கரையில் இரு தரப்புக்கும் மோதல்கள் மூண்டன. படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதற்குப் பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இயந்திரப் படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்றது அது. நல்ல சட்டம். அதைக் காவல் காக்க வேண்டிய படகும் ஆளும் மனமும் கரையில் இருந்ததில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்தக் கரை மீனவர்கள் அந்த 3 மைலைக் கேட்டு மனுக் கொடுத்துவருகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டுமர வாழ்க்கை சுகமான வாழ்க்கை அல்ல. உப்பில் ஊறிய தோல், முட்டியில் காய்ப்பு, மார்கழிப் பனியில் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் உட்கார்தல். காற்று மாறினால் துடுப்பு வலித்துக் கரை சேர அரை நாள் ஆகும். கேரளத்துக் காடுகளிலிருந்து வந்த மரத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது. மரம் ஓட்டிய தகப்பன்மார்களே தங்கள் பிள்ளைகளுக்கு இன்ஜின் வேண்டும் என்று விரும்பினார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. யாருக்கும் இல்லை. இன்ஜின் வந்ததல்ல என் புகார். எதை விட்டு எதை எடுத்துக்கொள்வது, எந்த வேகத்தில், யார் கைக்காசில் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்தத் தகப்பன்மார்களும் பிள்ளைகளும் ஒருபோதும் உட்காரவைக்கப்படவில்லை. என் ஆற்றாமை அதுதான்.

2004 டிசம்பர் 26 அந்தத் தீர்மானத்தை ஒரே காலையில் முடித்துவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் நாகப்பட்டினம் அளவுக்கு உயிர்கள் போகவில்லை. ஆனால் சுனாமி அலை கரையில் கிடந்த கலங்களையும் வலைகளையும் அள்ளியது. அடுத்து நிவாரண அலை வந்தது. உலகமே தமிழகக் கரையைப் பார்த்து அழுதது, பணம் அனுப்பியது. அந்த ஈரத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்தப் பணத்தைச் செலவிட்ட விதத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. தொண்டு நிறுவனங்களுக்குக் குறித்த காலத்துக்குள் செலவைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டுவதற்குப் படகைப்போல எடுப்பான பொருள் இல்லை. நிறுவனத்தின் பெயரைப் பக்கத்தில் எழுதி, வரிசையாகக் கரையில் நிறுத்திப் படம் எடுக்கலாம். கயிற்றால் கட்டிய மரத்தில் பெயர் எழுத இடமில்லை. ஃபைபர் படகு கட்டும் பட்டறைகள் சில மாதங்களுக்குள் முளைத்தன. தரம் குறைந்த படகுகள் வருகின்றன, கரைக்குத் தேவைக்கு மேல் படகுகள் குவிகின்றன என்று மீன்வளத் துறையை அறிந்தவர்கள் அப்போதே எச்சரித்தார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் சொன்னார்கள். கடலில் மீன் பெருகவில்லை, படகு மட்டும் பெருகியது.

ஒரு மரம் இரண்டு பேரின் சொத்து. ஒரு ஃபைபர் படகு நான்கைந்து பேரின் வேலை. இன்ஜின், எரிபொருள், ஐஸ், பெரிய வலை என்று ஒவ்வொரு பயணமும் கடனில் தொடங்கும். கிடைத்ததில் முதலில் எரிபொருள் கழியும், பிறகு இன்ஜின் பங்கு, வலைப் பங்கு, மிச்சம்தான் ஆளுக்கு. குழுவாகக் கொடுத்த படகுகளில் பலவும் முதல் வைத்து நடத்த முடிந்த ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மரத்துக்குச் சொந்தக்காரனாக இருந்தவன் படகில் கூலியானான். அவன் வீட்டுப் பெண்ணுக்கும் இதில் இழப்பு உண்டு. மரம் ஊர்க் கரையில்தான் ஏறும். சங்கராவோ சூடையோ காணாங்கெளுத்தியோ, கூடை மீனை அங்கேயே பிரித்து, அவள் தலையில் ஏற்றிப் பழவேற்காட்டுக்கோ பொன்னேரிக்கோ போவாள். பிடிப்பு பெரிதாகி ஏலமும் கம்பெனி வண்டியும் வந்தபோது விலை சொல்கிற வாய் அவளுடையதாக இல்லை. அவளுக்கென்று எந்த நிவாரணப் பட்டியலிலும் கலம் இல்லை, வலை இல்லை. அவளை மீனவர் என்று எழுதத்தான் பட்டியலுக்கு மனம் வரவில்லை.

பட்டியலுக்கு வெளியே இன்னும் சிலர் இருந்தார்கள். ஏரியின் ஓரத்தில், முழங்கால் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்து, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நகரும் இருளர் பெண்கள். மீனவர் சங்கத்தில் உறுப்பினர் அட்டை இல்லாத தலித் குடும்பங்கள். படகு போனவனுக்குத்தான் படகு என்ற கணக்கில், படகே இல்லாதிருந்தவர்களுக்கு எதுவும் போகவில்லை என்று ஆகிவிட்டது. சுனாமி நிவாரணத்தில் தலித்துகளும் பழங்குடிகளும் ஒதுக்கப்பட்டதைத் தமிழகக் கரை முழுக்க அந்த ஆண்டே பலர் பதிவு செய்தார்கள். இந்தப் பழி அரசின்மீது மட்டும் விழாது. ஏரியில் எந்த இடத்தில் எந்தக் குடும்பம் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை பழவேற்காட்டின் பெருமை. சண்டையில்லாமல் தண்ணீரைப் பங்கிட்ட அந்த முறைக்குள் பட்டினவர் சாதி மீனவ ஊர்களுக்கு இடம் இருந்தது, மற்றவர்களுக்கு இருக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் நியாயமும் வேலி போட்ட நியாயம்தான். கட்டுமரத்துக்காக அழுகிற நான் அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த அழுகையில் உண்மை இருக்காது.

கலத்தைப் பறித்த கதை இது. கரையைப் பறித்த கதை தெற்கில் இருந்து வருகிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வந்தாலும் மொத்தத்தில் வரவு வடக்குக்குத்தான். குறுக்கே கல் சுவர் கட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். இதற்குப் புது ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரமும் காசிமேடும் அரிக்கப்பட்டதும் ஒரு நூற்றாண்டாகக் கண்முன்னால் இருக்கும் பாடம். அந்தப் பாடம் தெரிந்தே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. பிறகு அதற்குக் காமராசர் பெயர் வைத்தார்கள். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தோடு இன்னொரு துறைமுகம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காட்டுப்பள்ளிக் குப்பமே எழுந்து வேறிடம் போக வேண்டியதாயிற்று. அதற்கும் வடக்கே இருக்கும் ஊர்கள் எழுந்து போகவில்லை. கரைதான் அவர்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. கட்டுமரத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மரத்தைப் பிரித்துப் போட ஒரு பட்டை மணல். வலை உலர்த்தவும், கருவாடு காயப்போடவும், பிள்ளைகள் ஓடவும் அதே மணல். எந்தப் பட்டாவிலும் இல்லாத நிலம் அது, ஆகவே எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வராது.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் வைத்தார்கள். கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அதில் அடக்கம். பழவேற்காட்டு ஊர்கள் எதிர்த்து நின்றன. 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் விரிவாக்கத்தை அனுமதிக்கமாட்டோம் என்று தி.மு.க. வாக்குறுதி அளித்தது. 2023 செப்டம்பரில் மறுபடி கூட்டம் அறிவித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள். ஒரு திட்டத்தை ரத்து செய்வது வேறு, தள்ளிவைப்பது வேறு. தள்ளிவைக்கப்பட்ட கூட்டம் ஊரின் தலைமேல் தொங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குக் காரை பூசலாமா, மகனுக்குப் படகு வாங்கிக் கொடுக்கலாமா என்று எந்த முடிவையும் எடுக்கவிடாது.

இனி முகத்துவாரம். என் கோபம் முழுக்கக் குவிவது அங்கேதான். ஃபைபர் படகு மரத்தைப்போல எங்கு வேண்டுமானாலும் அலையைத் தாண்டிவிடாது. கரையிலிருந்து தள்ள வேண்டுமென்றால் அகலமான கரை வேண்டும், டிராக்டரோ பத்துப் பேர் தோளோ வேண்டும். அதனால் பழவேற்காட்டுப் படகுகள் பெரும்பாலும் ஏரியில் நின்று, முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்வருகின்றன. அந்த வாயோ மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தூர்ந்த வாயில் படகு தட்டிக் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. வாய் அடைத்தால் ஏரிக்குக் கடல்நீர் வராது, இறால் குஞ்சு வராது, மடவை வராது. ஊரார் தங்கள் காசைப் போட்டு மணலை வெட்டித் திறந்திருக்கிறார்கள். நிரந்தரமாகத் திறந்து வைக்க 26 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு, இருபுறமும் கல் சுவர் கட்டும் திட்டத்தை அரசு அறிவித்தது. பழவேற்காடு ஏரி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் வனத்துறையின், வனவிலங்கு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று கோப்பு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பூநாரைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஏரி உயிரோடு இருந்தால்தான் பூநாரையும் வரும். ஆனால் இதே கடற்கரையில் துறைமுகங்களுக்குக் கிடைத்த அனுமதிகளின் வேகத்தையும், மீனவன் வீட்டு வாசலில் மணல் எடுக்கக் கேட்ட அனுமதியின் வேகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு அமைதியாக இருக்க என்னால் முடியவில்லை.

கட்டுமரம் இருந்தவரை லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர் முகத்துவாரத்துக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு எதிரே இருந்த அலையே வாசல். எரிபொருள் மானியத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. படகுப் பதிவு, இன்ஜின் பில், அடையாள அட்டை எதுவும் கடலுக்கும் அவருக்கும் நடுவே நிற்கவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மட்டும் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு வரும். இன்றும் வருகிறது, அன்று அடுப்பு எரிய வழி என்ன என்று கேட்டால் பதில் வருவதில்லை. கலத்தைக் கொடுத்தவர்கள் அந்தக் கலத்துக்கு வேண்டிய வாசலைக் கொடுக்கவில்லை. வாசலைக் கொடுக்க வேண்டிய துறை கரையைத் தின்னும் சுவர்களுக்குக் கையெழுத்துப் போட்ட அரசின் இன்னொரு துறை. படகு ஒரு துறை, மணல் ஒரு துறை, பறவை ஒரு துறை, துறைமுகம் ஒரு துறை. மீனவனுக்கு இவையெல்லாம் ஒரே கடல்.

கட்டுமரத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று இதை எழுதவில்லை. அதைக் கட்டத் தெரிந்த கைகள் இப்போது எழுபதைத் தாண்டியவை. காற்றையும் நீரோட்டத்தையும் பேர்சொல்லி அறிந்த அந்தப் பெரியவர்களிடம் உட்கார்ந்து எழுதிக்கொள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் சில ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அதைச் செய்யட்டும். அதோடு, காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கூட்டம் இனி என்றைக்கு அறிவிக்கப்பட்டாலும், அங்கே மேடையில் வைக்கப்படும் அறிக்கையில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். காமராசர் துறைமுகம் வருமுன் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து காட்டுப்பள்ளி வரை ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் எத்தனை மீட்டர் மணல் இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, விரிவாக்கத்துக்குப் பின் எத்தனை மிஞ்சும் என்று ஊர்வாரியாக அதில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே அது ஒவ்வொரு ஊர்ப் பஞ்சாயத்தின் கையிலும், மீன் விற்கும் பெண்களின் கையிலும், ஏரியோர இருளர் குடியிருப்புகளிலும் இருக்க வேண்டும். அது வராதவரை கூட்டத்துக்கு உட்கார வேண்டாம்.